ஊசியை நிறுத்துவதற்கு முன்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 32. நான் ஒரு திருநம்பி, அதாவது பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்ட ஆண். நான்கு ஆண்டுகளாக ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். மார்பகங்களை எடுக்கும் நெஞ்சு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கருப்பையை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரிந்திருக்காது. என் மனைவிக்குக் கட்டிகள் வந்து கருப்பையை நீக்கிவிட்டார்கள்; சினைப்பைகள் மட்டும் இருக்கின்றன. இருவருக்கும் குழந்தை வேண்டும். "நான் சுமக்கிறேன்" என்று ஒரு ராத்திரி நான்தான் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. இத்தனை ஊசி போட்ட உடம்பில் குழந்தை தங்குமா? ஊசியை நிறுத்தினால் பழைய ஆளாகிவிடுவேனா? ஒரு கிளினிக்குக்குப் போனோம். வரவேற்பில் எல்லாக் கேள்வியையும் என் மனைவியிடமே கேட்டார்கள். நோயாளி நான்தான் என்றதும் அங்கே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரைப் பார்க்காமலே வந்துவிட்டோம். எல்லாவற்றையும்விட ஒரு கேள்விதான் அரிக்கிறது: பெற்றெடுத்த பிறகு அந்தக் குழந்தைக்கு நான் யார்?

பதில்: அன்புள்ள தம்பி,

உங்களைவிட ஏறக்குறைய முப்பது வயது மூத்தவள் என்பதால் இப்படி அழைக்கிறேன். கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் அவசரமாக ஒன்று: ஆசையின் வேகத்தில் அடுத்த ஊசியை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நிறுத்தும் நாளுக்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. என்னிடம் வந்த திருநம்பிகளில் மிகவும் சோர்ந்துபோனவர்கள், கர்ப்பத்தின்போது சோர்ந்தவர்கள் அல்லர். ஊசியை நிறுத்திவிட்டு, அதன் பிறகு மருத்துவரைத் தேடி, பரிசோதனைகளுக்கு அலைந்து, விந்தணுவுக்குக் காத்திருந்து, உடம்பு ஒவ்வொரு மாதமும் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நாள் கடத்தியவர்கள்தான். அந்த இடைவெளியை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்க வேண்டும். இந்தப் பதில் முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் உங்கள் உடம்பு. டெஸ்டோஸ்டிரோன் கருப்பையையும் சினைப்பையையும் அழிப்பதில்லை. மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் உத்தரவை அடக்கிவைக்கிறது, கருப்பையின் உள்படலம் வளராமல் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் மாதவிடாய் நிற்கிறது. கர்ப்பம் தரித்த 41 திருநம்பிகளிடம் அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்திய ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. அவர்களில் முன்பு டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு, நிறுத்திய ஆறு மாதத்துக்குள் மாதவிடாய் திரும்பியது. 2019இல் பாஸ்டனில் ஒரு கருத்தரிப்பு மையம் 26 திருநம்பிகளின் சிகிச்சை விவரங்களை வெளியிட்டது. முன்பு ஹார்மோன் எடுத்தவர்களிடமிருந்தும் கருமுட்டைகள் நல்ல எண்ணிக்கையில் கிடைத்தன. இரண்டுமே சிறிய ஆய்வுகள், எல்லாருக்கும் இதேதான் நடக்கும் என்று அவற்றை வைத்து வாக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் "இத்தனை ஊசி போட்ட உடம்பு" என்று நீங்கள் பயப்படும் அளவுக்கு எதுவும் கைவிட்டுப் போகவில்லை. நான்கு வருட ஊசியைவிட உங்கள் வயதைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். 32 நல்ல வயது. முப்பத்தைந்தைத் தாண்டினால் கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையத் தொடங்கும்.

இதைப் படிக்கும் மற்ற தம்பிகளுக்கு நடுவில் ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்றுவிட்டது என்பதற்காக டெஸ்டோஸ்டிரோனைக் கருத்தடை என்று நம்பாதீர்கள். மாதவிடாய் வராமலே கருமுட்டை வெளிப்படலாம், கரு தரிக்கலாம். கருவில் இருக்கும் குழந்தைக்கு, அதிலும் அது பெண் கருவாக இருந்தால், டெஸ்டோஸ்டிரோன் பிறப்புறுப்பின் வளர்ச்சியையே மாற்றிவிடும். கர்ப்பத்தில் அந்த ஊசி கூடவே கூடாது என்பதில் மருத்துவ உலகில் இரண்டு கருத்து இல்லை.

தம்பி, நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள், உங்கள் மனைவிக்குச் சினைப்பைகள் இருக்கின்றன என்று. அது பெரிய செய்தி. அவருடைய கருமுட்டையை எடுத்து, கொடையாக வந்த விந்தணுவோடு ஆய்வகத்தில் கருவாக்கி, உங்கள் கருப்பையில் வைக்க முடியும். அவருடைய முட்டை, உங்கள் சுமை. பல தம்பதிகளுக்கு இது பெரிய நிறைவைத் தருகிறது. ஆனால் ஒரு விலை உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த முறையில் அவர் பத்துப் பதினான்கு நாள் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டு, மயக்கத்தில் முட்டையை எடுக்கக் கொடுக்க வேண்டும். உங்கள் கருப்பையின் படலத்தை வளர்க்க, பெரும்பாலும் உங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தருவார்கள். எந்த ஹார்மோனிலிருந்து தப்பி வந்தீர்களோ அதையே உங்கள் கையால் எடுத்து விழுங்க வேண்டியிருக்கும். சிலர் அதை மருந்து என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். சிலரால் முடியவில்லை. முடியாதென்றால், உங்கள் இயல்பான சுழற்சி திரும்பும்வரை காத்திருந்து அந்தச் சுழற்சியிலேயே கருவை வைக்க முடியுமா என்று கேளுங்கள். அல்லது உங்கள் சொந்த முட்டையோடு, விந்தணுவை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்தும் எளிய முறையில் தொடங்கலாம். அதில் ஹார்மோன் மிகக் குறைவு, சிலருக்கு அறவே தேவைப்படாது. இரண்டில் எது என்பதை நீங்கள் இருவரும்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், நான் முதலில் எளிய முறையைத்தான் சொல்வேன்.

விந்தணு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன்: தொற்றுச் சோதனை முடிந்த, வங்கி வழியாக வந்த விந்தணுவே நல்லது. தெரிந்த நண்பரிடம் வாங்கி வீட்டிலேயே முயல்பவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு அவர் குழந்தைமீது உரிமை கேட்டால் என்ன ஆகும் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் அதில் இறங்காதீர்கள்.

இனி ஊசி. நீங்கள் போடுவது எந்த வகை என்று எழுதவில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி என்றால் சில வாரங்களில் இரத்தத்திலிருந்து இறங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் நீண்டகால ஊசி என்றால் மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். நீங்கள் இரண்டாவது வகையில் இருந்தால், நிறுத்துவதற்குச் சில மாதம் முன்பே குறுகியகால ஊசிக்கு மாற முடியுமா என்று உங்கள் ஹார்மோன் மருத்துவரிடம் கேளுங்கள். அப்படி மாறினால், நிறுத்தும் நாள் நம் கைக்குள் வரும். பல மருத்துவர்கள், கருத்தரிக்க முயலும் முன் மூன்று மாத இடைவெளி கேட்பார்கள். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்வதே என் வழக்கம்.

நிறுத்துவதற்கு முன்பே, ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே, இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்: இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, இரத்தச் சிவப்பணுக்களின் அடர்த்தி (டெஸ்டோஸ்டிரோன் அதைக் கூட்டிவிடும்), கருப்பை வாய்ப் பரிசோதனை, ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்ற சோதனை. எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் தடுப்பூசி போட்டு ஒரு மாதமாவது கழிந்த பிறகே கருத்தரிக்க வேண்டும். இந்த ஒரு மாதத்தை ஊசியை நிறுத்திய பிறகு கண்டுபிடித்து வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். முயற்சி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கத் தொடங்குங்கள். ஸ்கேனை வயிற்றின் மேலாக எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். உள்ளே கருவி விட்டுத்தான் பார்க்க வேண்டும் என்ற நிலை வந்தால், கருவியை நானே உள்ளே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனால் பிறப்புப் பாதையின் தோல் மெலிந்து வறண்டிருக்கும், வலிக்கும். அதற்கு மேலே தடவும் மருந்து இருக்கிறது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை.

கிளினிக் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு வேதனையாக இருந்தது. என் தொழிலின் வாசலிலேயே உங்களை நிறுத்திவிட்டார்கள். அடுத்த இடத்துக்கு நேரில் போவதற்கு முன் தொலைபேசியில் பேசுங்கள். நீங்கள் பேச வேண்டாம், உங்கள் மனைவியோ ஒரு நண்பரோ பேசட்டும். "நோயாளி திருநம்பி. அவர்தான் கருத்தரிக்கப் போகிறார். இந்தப் பெயரில், 'சார்' என்று அழைக்க வேண்டும். காத்திருப்பு அறையில் உட்கார வைக்காமல் நேராக டாக்டரின் அறைக்கு அனுப்ப முடியுமா?" இவ்வளவுதான். மறுமுனையில் வரும் பதிலின் தொனியிலேயே அந்த இடம் எப்படி என்று தெரிந்துவிடும். நாளின் முதல் நேரத்தையோ கடைசி நேரத்தையோ கேளுங்கள். "கர்ப்பிணிப் பெண்" என்பதற்குப் பதில் என்ன சொல்ல வேண்டும், உறுப்புகளை எந்தப் பெயரால் குறிப்பிட வேண்டும் என்று ஒரு சின்னத் தாளில் எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்துவிடுங்கள். என்னிடம் முதன்முதலாக வந்த திருநம்பி அப்படி ஒரு தாளோடு வந்தார். பிரசவ அறையில் இருந்த எல்லாரும் அதைப் படித்திருந்தார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

பழைய ஆளாகிவிடுவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். கனத்த குரல் திரும்பி மெலியாது. தாடி மறையாது, கொஞ்சம் மெதுவாக வளரலாம். அறுவை சிகிச்சையின் பலன் பெரும்பாலும் நிற்கும், கர்ப்பத்தில் நெஞ்சு சற்று வீங்க வாய்ப்பு உண்டு. மாறுவது என்னவென்றால், மாதவிடாய் வரும், இடுப்பில் கொழுப்பு சேரும், தசை கொஞ்சம் இளகும், மனம் முதல் சில வாரங்கள் நிலைகொள்ளாமல் இருக்கும். மாதவிடாய் திரும்பும் முதல் நாள்தான் பலருக்கு மிகக் கடினமான நாள். அது வரும் என்று தெரிந்தே காத்திருங்கள். தேவையானதை முன்பே வாங்கி வீட்டில் வையுங்கள், அன்று வேலைக்கு விடுப்பு எடுங்கள், தனியாக இருக்காதீர்கள். இன்னொன்றையும் முன்பே பேசிவிடுங்கள்: எத்தனை மாதம் முயல்வோம்? நான்கு சுழற்சியா, ஆறா? அந்த எண்ணை எழுதி வையுங்கள். அதற்குள் நடக்கவில்லையென்றால் நிறுத்தி, ஊசிக்குத் திரும்பி, வேறு வழி யோசிக்கலாம். நடுவிலேயே தாங்க முடியவில்லையென்றாலும் நிறுத்தலாம். எல்லை தெரிந்த துன்பத்தை மனம் தாங்கும், எல்லை தெரியாததைத்தான் தாங்காது. இந்த மாதங்களில் பாலினம் பற்றித் தெளிவுள்ள ஒரு மனநல ஆலோசகரை மாதம் இருமுறையாவது பாருங்கள். உங்களுக்கு மனநோய் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். உலக சுகாதார அமைப்பே 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், பாலின முரண்பாட்டை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. ஆலோசகரைப் பார்க்கச் சொல்வது, உங்களோடு ஒருவர் கூடவே நடந்து வருவதற்காக.

கரு தங்கிய பிறகு உங்கள் வயிற்றைப் பார்ப்பவர்கள் தொப்பை என்றுதான் நினைப்பார்கள். தாடி வைத்த ஒருவரைப் பார்த்துக் கர்ப்பம் என்று யாருக்கும் தோன்றாது. வெளியில் நிம்மதியாக நடமாட அது உதவும். மருத்துவமனையில் அதுவே ஆபத்து. 2019இல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு நிகழ்வு வந்தது. 32 வயதுத் திருநம்பி ஒருவர் வயிற்று வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தார். பதிவேட்டில் ஆண். கர்ப்பச் சோதனையில் தெரிந்ததை அவரே சொல்லியும் அவசரமில்லாதவர் வரிசையில் வைத்தார்கள். பல மணி நேரம் கழித்துப் பார்த்தபோது குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்கள் சட்டைப்பையில் ஒரு அட்டை இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். "நான் திருநம்பி, கர்ப்பமாக இருக்கிறேன், இத்தனை வாரம், இந்த மருத்துவர், இந்த எண்." வலி, இரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, குழந்தையின் அசைவு குறைதல், இதில் எது வந்தாலும் கூச்சத்தை விட்டுவிட்டு அந்த அட்டையை நீட்டுங்கள்.

பிரசவம் எப்படி என்பதை ஏழாம் மாதத்தில் பேசிக்கொள்ளலாம். டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர் என்பதற்காகவே அறுவை சிகிச்சை தேவையில்லை. அதே நேரம், இயல்பான பிரசவத்தை மனம் ஏற்கவில்லை என்பதும் நாங்கள் எடைபோட வேண்டிய காரணம்தான்.

பிரசவத்துக்குப் பின் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: பால். நெஞ்சு அறுவை சிகிச்சையில் சுரப்பித் திசு முழுவதும் போய்விடுவதில்லை. குழந்தை பிறந்த இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் நெஞ்சு கட்டிக்கொண்டு சூடாக வலிக்கலாம். அப்போது இறுக்கிக் கட்டாதீர்கள், குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். பாலை நிறுத்தும் மாத்திரை ஒன்று இருக்கிறது, பிறந்த முதல் நாளிலேயே ஒருவேளை கொடுத்தால் போதும். இரத்த அழுத்தம் அதிகமாக இருந்தால் கொடுக்க மாட்டோம். அது வேண்டுமா என்பதைப் பிரசவத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

அப்படியென்றால் குழந்தைக்குப் பால்? இந்த இடத்தில் உங்கள் மனைவியிடம் பேசுகிறேன். அம்மா, பால் சுரக்கக் கருப்பை தேவையில்லை. கர்ப்பமாகாத ஒருவருக்கும், சில மாதம் முன்பே ஹார்மோன் மருந்தும் பிறகு கருவியால் முறையாக உறிஞ்சுவதும் சேர்ந்து பாலை வரவழைக்க முடியும். தத்தெடுத்த பல தாய்மார்கள் இப்படிப் பாலூட்டியிருக்கிறார்கள். குழந்தைக்கு முழுவதும் போதுமான அளவு வருவது எல்லாருக்கும் நடக்காது, புட்டிப்பாலும் சேர்க்க வேண்டியிருக்கலாம். மருந்துகளில் சில இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியவை, எனவே மருத்துவர் மேற்பார்வை வேண்டும். ஆறாம் மாதத்துக்கு முன்பே சொன்னால்தான் திட்டமிட முடியும்.

அவர் பாலூட்டினாலோ புட்டிப்பால் என்றாலோ, தம்பி, நீங்கள் ஊசிக்குத் திரும்ப அதிக நாள் காக்க வேண்டாம். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் இரத்தம் உறையும் ஆபத்து கூடுதல். அது கழிந்ததும் தொடங்கலாம். அந்த ஆறு வாரத்தில் மனம் இருண்டால் அதை ஹார்மோன் இல்லாததால் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு திருநம்பிகளுக்கும் வரும். அதைக் கண்டுபிடிக்க 1987இல் உருவான பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இன்றும் எங்களுக்கு உதவுகிறது. கேட்டு வாங்கி நிரப்புங்கள். சோர்வு இரண்டு வாரத்தைத் தாண்டினால் உடனே வாருங்கள். உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காக்காதீர்கள்.

சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஸ்வீடனில் குழந்தை பெற்ற திருநம்பி தந்தையாகவே பதிவாகிறார். பிரிட்டனில் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆண் என்ற சட்டச் சான்று இருந்தும், பெற்றவர் "தாய்" என்றே பதிவாக வேண்டும் என்றது. கேரள உயர் நீதிமன்றம் 2025இல், திருநர் இணை ஒன்றின் குழந்தைக்குத் தாய், தந்தை என்று பிரிக்காமல் இருவரையும் பெற்றோர் என்று குறிக்கச் சொன்னது. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன நிலை என்பதையும், உங்கள் மனைவியின் உரிமை எந்தக் காகிதத்தில் நிற்கும் என்பதையும் கரு தரிக்கும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். பாலூட்டி வளர்த்தவருக்குப் பள்ளியில் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை என்ற நிலை வரக்கூடாது.

இப்போது கடைசிக் கேள்வி. குழந்தைக்கு நீங்கள் யார்? அப்பா. சுமந்ததால் அது மாறாது. நம் மொழியில் "பெத்த அப்பா" என்று எல்லா அப்பாக்களையும்தான் சொல்கிறோம். உங்கள் விஷயத்தில் அது எழுத்துக்கு எழுத்து உண்மை, அவ்வளவுதான். சிலர் அன்பு மிகுந்து உங்களைத் "தாயுமானவன்" என்று புகழ்வார்கள். அந்தச் சொல் உங்களுக்கு இனித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உறுத்தினால், "நான் அப்பா மட்டும்தான்" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் மனம் கோணும் என்று யோசிக்க வேண்டாம். குழந்தையிடம் எதையும் மறைக்காதீர்கள். பேச்சு வருவதற்கு முன்பே சொல்லத் தொடங்குங்கள்: "நீ அப்பா வயித்துல இருந்தே, அம்மா உன்னைத் தொட்டுத் தொட்டுப் பேசுவா." தினம் கேட்டு வளர்ந்த கதையைக் கேட்டு எந்தக் குழந்தையும் அதிர்ச்சி அடைவதில்லை. பதினாறு வயதில் வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்ளும்போதுதான் உடைந்துபோகிறது. பள்ளியில் யாராவது கேலி செய்தால் என்ன சொல்வது என்பதை அந்த வயது வரும்போது மூவரும் சேர்ந்து யோசிக்கலாம்.

இன்னும் ஒன்று. நீங்கள் சுமக்கிறேன் என்றபோது உங்கள் மனைவி அழுதார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் அழுதார் என்று எழுதவில்லை. கேட்டீர்களா? அது மகிழ்ச்சியாக இருக்கலாம். தன் கருப்பையை இழந்த துக்கம் இன்னும் ஆறாமல் இருந்திருக்கலாம். தனக்காக நீங்கள் இந்த வேதனைக்குள் இறங்குகிறீர்களோ என்ற பயமாகவும் இருக்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை ஊசியை நிறுத்தும் தேதியைக் குறிக்காதீர்கள். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுங்கள். பால் பற்றி எழுதிய பகுதியை அவர் ஒருமுறை தனியாக உட்கார்ந்து படிக்கட்டும்.